நேராக இருந்த கோடு

அந்த மெக்கானிக்கிடம் எந்தக் குறையை வேண்டுமானாலும் சொல்லலாம், அவர் செய்த வேலையில் இருக்கும் குறையைத் தவிர. வண்டி புகை கக்குகிறது, மேடு ஏற மாட்டேன் என்கிறது என்று யாராவது வந்தால் காய்ச்சல்காரக் குழந்தையைப் பார்ப்பதுபோல் கனிவாகப் பார்ப்பார். "போன வாரம் நீங்க மாத்தின பிரேக் கொஞ்சம் கத்துதுங்க" என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. முகம் கடுகடுவென்று ஆகிவிடும். பிறகு மூன்று நாளைக்குப் பேச்சு கிடையாது. வாடிக்கையாளரோடு பேசாமல் எப்படித் தொழில் நடக்கும் என்று கேட்டால், நடந்தது. வேலை அவ்வளவு சுத்தம்.

வெளியாளுக்கு மூன்று நாள் என்றால் வீட்டுக்கு ஒரு வாரம். கல்யாணமான புதிதில், அவர் கையால் பூட்டிய சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்று அவர் மனைவி வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டாள். எட்டு நாள் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். அதோடு அவள் பாடம் கற்றுக்கொண்டாள். இருபத்திரண்டு வருடமாக அவர் வேலையில் அவள் ஒரு குறையும் கண்டதில்லை. குழாய் சொட்டினால் அடியில் ஒரு கிண்ணம் வைப்பாள், அவ்வளவுதான்.

ஆகவே அவளுடைய தம்பி தன் புகார்களை வாயால் சொல்லாமல் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. தம்பிக்கு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. வீட்டில் அவன் பெயர் புரூஃபு. டாக்டர் மருந்துச் சீட்டைக் கையில் கொடுத்தால்கூட முதலில் பேனாவைத் தேடுகிற பிறவி.

வண்டி அவர்களுடைய அப்பா ஓட்டியது. அறுபது வயது தாண்டிய மோட்டார் சைக்கிள். அப்பா போன பிறகு கொட்டகையில் பழைய கதவுகளுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு கிடந்ததை மெக்கானிக் தூக்கி வந்து, இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமை என்று பாராமல் உழைத்து எழுப்பி நிறுத்தினார். 'அப்பா வண்டி' மறுபடியும் மூச்சுவிட்ட அன்று அவர் மனைவி பட்டறை வாசலில் நின்று அழுதாள். அதைத்தான் அவர் இந்த ஜென்மத்தில் வாங்கிய பெரிய கூலியாக நினைத்துக்கொண்டிருந்தார். பத்து நாள் முன்பு சாவியை மச்சான் கையில் கொடுத்தார். பத்தே நாளில் மச்சான் நாலு பிழை கண்டுபிடித்துவிட்டான்.

"சின்னச் சின்ன விஷயம்தான் மாமா. நேரம் இருந்தா பாருங்க" என்று முந்தின நாள் சாயங்காலம் தாளை நீட்டியவன், மாமாவின் முகம் போன போக்கைப் பார்த்துப் பின்வாங்கினான். "இல்ல, அவசரம் இல்ல. நாளைக்கு ஏரிக்குப் போயிட்டு வந்து பாத்துக்கலாம்."

மெக்கானிக் தாளை மடித்துச் சட்டைப் பையில் போட்டார். பதில் சொல்லவில்லை. இரவுச் சாப்பாட்டின்போதும் வாயைத் திறக்கவில்லை.

மலைக்கு அந்தப் பக்கம் ஏரிக்கரையில் பழைய வண்டிக்காரர்கள் கூடும் நாள் அது. காலை ஏழு மணிக்கு அக்காவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு தம்பி கிளம்பினான். மெக்கானிக் பின்னாலேயே பேருந்தில் வருவதாக ஏற்பாடு. தபால்காரம்மாவின் ஸ்கூட்டரை ஒன்பது மணிக்குள் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். ஸ்டார்ட்டர் பட்டனை அமுக்கினால் அது கட்டெறும்பு கடித்த மாதிரி ஒரு துள்ளு துள்ளிவிட்டுச் சும்மா இருக்கும்.

"வரட்டுமா?" என்று மனைவி கேட்டாள். மெக்கானிக் தலையை மட்டும் ஆட்டினார். மச்சான்மேல் இருந்த கோபத்தில் பாதி அவள் கணக்கிலும் எழுதப்பட்டிருந்தது. அவள் மேற்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு வேண்டாமென்று ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

ஏழரை மணிக்கு ஸ்கூட்டர் வேலை முடிந்தது. கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தபோது சட்டைப் பையில் தாள் குத்தியது. ஆள்தான் எதிரில் இல்லையே, படித்தால் கௌரவம் குறைந்துவிடாது என்று பிரித்தார். அழகான கையெழுத்து. எண் போட்டு, ஒவ்வொன்றுக்கும் முற்றுப்புள்ளி வைத்து எழுதியிருந்தான்.

ஒன்று. சிக்னலில் நிற்கும்போது நியூட்ரல் விழுவதில்லை. இன்ஜினை அணைத்தால் உடனே விழுகிறது.

மெக்கானிக் மூக்கால் சிரித்தார். கிளட்ச் கேபிள் புதுசு, கொஞ்சம் நீண்டிருக்கும். அரைத் திருகு திருகினால் சரி. இதற்கெல்லாம் ஒரு தாளா?

இரண்டு. கைப்பிடியை இடது பக்கம் முழுக்க ஒடித்தால் ஹாரன் தானாக அடிக்கிறது. மளிகைக் கடை வாசலில் ஒரு நாய் பயந்துவிட்டது.

நாய்க்கு நஷ்ட ஈடு கேட்காமல் விட்டானே என்று நினைத்துக்கொண்டார். ஹாரன் ஒயர் கழுத்துப் பக்கத்தில் உரசுகிறது. மேலே தோல் தேய்ந்து, உள்ளே கம்பி இரும்பில் படுகிறது. ஒரு சுற்று டேப் போதும்.

மூன்று. அரை மணி நேரம் ஓடினால் மூச்சு முட்டினாற்போல் நின்றுவிடுகிறது. பத்து நிமிடம் சும்மா விட்டால் ஒன்றும் நடக்காததுபோல் கிளம்புகிறது.

இதைப் படித்ததும் அவருக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. பெட்ரோல் டாங்க் மூடிக்கு அவரே ரப்பரில் வெட்டிப் போட்ட வாஷர் அது. காற்று உள்ளே போக மூடியில் ஒரு பொடி ஓட்டை உண்டு. வாஷரில் ஓட்டை போட மறந்திருக்கிறார். காற்று போகாவிட்டால் பெட்ரோல் கீழே இறங்காது. சரி, தப்புதான். யாருக்கும் தெரியாமல் சாயங்காலம் ஒரு ஊசியால் குத்திவிட்டால் தீர்ந்தது.

நான்கு. இடது வளைவில் வண்டியின் பின்பக்கம் சற்றுத் தாமதமாக வருவதுபோல் தோன்றுகிறது. ஆக்ஸிலேட்டரை விட்டுப் பிடிக்கும்போது பின்னாலிருந்து 'டொக்' என்று ஒரே ஒரு சத்தம். என் மனப்பிரமையாகவும் இருக்கலாம்.

மெக்கானிக் சிரிக்கவில்லை. கடைசி வரியை மறுபடியும் படித்தார்.

பின்பக்கம் தாமதமாக வருகிறது என்றால் டயரில் காற்று குறைவா? காலையில் அவரே பார்த்தார், சரியாக இருந்தது. சக்கரக் கம்பிகள் தளர்வா? ஒவ்வொரு கம்பியையும் தட்டிச் சத்தம் கேட்டு இறுக்கியவர் அவர். சக்கரத்தைத் தாங்கும் கவை ஆடாமல் பிடிக்கும் புஷ் வளையம் புதியது. மிச்சம் இருப்பது ஒன்றுதான், சக்கரத்தின் அச்சைப் பிடித்திருக்கும் பெரிய நட்டு. அது இருக்க முடியாது. அதற்குக் கோடு போட்டாகிவிட்டது.

இந்தக் கோட்டு விவகாரம் அவருடைய பெருமைகளில் ஒன்று. நட்டைக் கடைசியாக முறுக்கி முடித்ததும் நட்டின் மேலும் பக்கத்து இரும்பின் மேலும் சேர்ந்தாற்போல் மஞ்சள் பெயிண்டில் ஒரு சின்னக் கோடு இழுப்பார். நட்டு கடுகளவு நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். சாவி கொடுத்த அன்று மச்சானுக்கும் இதை விளக்கியிருந்தார். "கோடு நேரா இருந்தா, நான் வச்ச இடத்துலயே இருக்குன்னு அர்த்தம் மாப்ள. உடைஞ்சிருந்தா நட்டு அசைஞ்சிருச்சுன்னு அர்த்தம். கண்ண மூடிக்கிட்டு நம்பலாம்."

அவர் போனை எடுத்துப் படங்களைத் தேடினார். பின்சக்கரம் பூட்டிய அன்று மனைவி எடுத்து அனுப்பிய படம் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தார். சக்கரத்தைச் சுற்றி ஐந்து நட்டு, ஐந்து மஞ்சள் கோடு. நான்கு கோடுகள் நடுவில் வெட்டுப்பட்டதுபோல் விலகி இருந்தன. ஐந்தாவது, அச்சு நட்டின் கோடு, அளவுகோல் வைத்துப் போட்டதுபோல் நேராக இருந்தது. போனைக் கீழே வைக்கப் போனவர் மறுபடியும் பார்த்தார்.

நாலு கோடு ஏன் விலகியிருக்கிறது?

அந்த நாள் நினைவுக்கு வந்தது. பெயிண்ட் டப்பாவின் மூடியை முந்தின நாள் சரியாக மூடாமல் விட்டதில் உள்ளே ஆடை படிந்து கெட்டியாகியிருந்தது. அடியில் கொஞ்சம்தான் ஈரம். காய்ந்துவிடப் போகிறதே என்ற அவசரத்தில், நட்டுகளைக் கையால் பூட்டிய கையோடு ஐந்துக்கும் முதலில் கோட்டை இழுத்துவிட்டார். முறுக்குவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். பிறகு ஸ்பேனரை எடுத்து ஒவ்வொன்றாக முறுக்கினார். முறுக்க முறுக்க ஈரக் கோடு உடைந்து விலகியது. நாலு முடிந்தது. அச்சு நட்டுக்குப் பெரிய ஸ்பேனர் வேண்டும், அது பின்னறையில் இருந்தது. எடுக்க எழுந்தபோதுதான் தபால்காரம்மா வாசலில் மணியடித்தாள். கையில் ஒரு பார்சல். எட்டு மாதமாக அவர் வழிமேல் விழி வைத்துக் காத்திருந்த முன்விளக்கு வளையம்.

பார்சலைப் பிரித்தார். வளையத்தைத் துடைத்தார். மாட்டிப் பார்த்தார். தள்ளி நின்று பார்த்தார். உலகமே மறந்துவிட்டது. திரும்பி வந்து சக்கரத்தைப் பார்த்தபோது ஐந்திலும் கோடு இருந்தது. கோடு இருந்தால் முடிந்த வேலை.

அன்று சாயங்காலம் படம் எடுக்கும்போது மனைவி சொன்னதும் இப்போது காதில் கேட்டது. "அஞ்சுல இந்த ஒரு கோடுதாங்க நல்லா நேரா இருக்கு." அதைப் பாராட்டு என்று நினைத்து அவர் சிரித்துக்கொண்டு நின்றார்.

ஊரில் எல்லாருக்கும் நேராக இருக்கும் கோடு நிம்மதி. இந்த வண்டியில் முறுக்கப்பட்ட நட்டுக்குத்தான் கோடு உடைந்திருக்கிறது. கோடு நேராக இருக்கும் நட்டு விரலால் பூட்டியபடியே பத்து நாளாக ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதன்மேல் அவள் உட்கார்ந்து மலை ஏறிக்கொண்டிருக்கிறாள்.

எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். மனைவிக்குப் போன் போட்டார். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. ஓடும் வண்டியில் கைப்பைக்குள் கிடக்கும் போன் யார் காதில் விழும்? மச்சானுக்குப் போட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் குரல் அலட்டிக்கொள்ளாமல் சொன்னது. பின்னறைக்கு ஓடிப் பெரிய ஸ்பேனரை எடுத்தார். எது கையில் பட்டதோ அதையெல்லாம் ஒரு பைக்குள் போட்டார். தபால்காரம்மாவின் ஸ்கூட்டரை வெளியே தள்ளி ஏறினார். பட்டறைக் கதவை இழுத்துவிட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

மலைச்சாலையில் ஏறும்போது ஏழு கொண்டை ஊசி வளைவுகள், உச்சியில் ஒரு டீக்கடை, அப்புறம் இறங்கும்போது ஒன்பது. அவர் நூறு தடவை போன பாதை. இன்றைக்கு ஒவ்வொரு வளைவும் புதிதாக இருந்தது. ஓரத்துத் தடுப்புச் சுவரை அவர் இதற்கு முன்பு கவனித்ததே இல்லை. முழங்கால் உயரம்தான் இருந்தது. சில இடங்களில் அதுவும் இல்லை.

கழன்று விழுந்த நட்டைத் தேடிக் கண் சாலையிலேயே இருந்தது. மூன்றாவது வளைவில் ஏதோ பளபளத்தது. இறங்கி ஓடிப் பார்த்தார். சோடா மூடி. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நின்ற நிலையை யாராவது பார்த்திருந்தால் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். ஐந்தாவது வளைவில் எதிரே வந்த லாரிக்காரன் விளக்கைப் போட்டுப் போட்டுக் காட்டினான். மேலே ஏதோ நடந்துவிட்டது, அதைத்தான் சொல்கிறான் என்று நினைத்து ஸ்கூட்டரை ஓரங்கட்டினார். லாரிக்காரன் பக்கத்தில் வந்ததும் வேகத்தைக் குறைத்து, "லைட் எரியுதுண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனான்.

போகிற வழியெல்லாம் மனசு கண்டதையும் காட்டியது. நட்டு கழன்றுவிட்டால் அச்சு மெல்ல மெல்ல வெளியே நகரும். சக்கரம் சாயும். செயின் கழன்று சக்கரத்தில் சிக்கும். ஓட்டுகிறவனாவது கைப்பிடியைப் பிடித்துக்கொள்வான். பின்னால் இருப்பவளுக்குப் பிடிக்க என்ன இருக்கிறது? அவளுக்கு வண்டியில் யாரையும் பிடித்துக்கொண்டு உட்காரும் பழக்கமும் இல்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பதுபோல் இருப்பாள். காலையில் அவளோடு ஒரு வார்த்தை பேசாமல் அனுப்பினோமே என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

டீக்கடையில் வண்டி இல்லை. கடைக்கார அம்மா கண்ணாடித் தம்ளர்களை அலசிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, பழைய காலத்து மோட்டார் சைக்கிள் ஒண்ணு இந்தப் பக்கம் போச்சா? கண்ணாடி போட்ட ஒருத்தர், பின்னாடி ஒரு அம்மா."

"போச்சே. போச்சு என்ன, இங்க வாசல்ல வந்து நின்னே போச்சு. மூச்சு முட்டின மாதிரி அணைஞ்சிருச்சு. பாவம், ரெண்டு பேரும் டீ குடிச்சாங்க." அவள் தம்ளரை உதறினாள். "அந்தத் தம்பி சும்மா இருக்கற ஆளு இல்லபோல. குனிஞ்சு குனிஞ்சு பின்சக்கரத்தையே பாத்தாரு. அப்புறம் சீட்டுக்கு அடியிலேருந்து ஒரு பை எடுத்து, தரையில படுத்துக்கிட்டு ஏதோ பண்ணினாரு."

மெக்கானிக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. அந்தப் பையை வைத்ததே அவர்தான். சின்ன ஸ்பேனர்கள் நாலைந்தைத் துணியில் சுருட்டி, வண்டியோடு இருக்கட்டும் என்று ஆசையாக வைத்தது. "அச்சு நட்டக் கண்டுபிடிச்சிட்டானா? நடுவுல, பெருசா இருக்குமே, அத முறுக்கினானா?"

"பெருசா இருந்தத அவர் தொடவே இல்ல. அது மட்டும் சரியா இருக்குன்னு அந்தம்மாகிட்ட சொன்னாரு. மத்த நாலும் தப்பா இருந்துச்சாம். மஞ்சக் கோடு விலகியிருந்துச்சாம். நாலையும் திருப்பி, கோட்டோட கோடு ஒட்ட வச்சிட்டாரு. எழுந்திரிச்சு மண்ணத் தட்டிவிட்டுட்டு, நாலு பிழை, திருத்திட்டேன்னாரு. ஒரே சந்தோஷம்."

"எந்தப் பக்கமா திருப்பினான்?"

அவள் யோசித்தாள். ஈரக் கையைத் தூக்கி, ஊறுகாய்ப் பாட்டில் மூடியைத் திறப்பதுபோல் இடது பக்கமாகத் திருப்பிக் காட்டினாள்.

முறுக்கியிருந்த நாலையும் அவன் அவிழ்த்துவிட்டான். அதில் ஒன்று பின்பிரேக்கைப் பிடித்துவைத்திருக்கும் கம்பியின் நட்டு. அது கழன்றால் பிரேக் மிதித்த மறு நொடி சக்கரம் பூட்டிக்கொள்ளும். இனிமேல் முழுக்க இறக்கம். இறக்கத்தில் பிரேக்கை மிதிக்காமல் யார் போவார்கள்?

"போய் எவ்வளவு நேரம் ஆச்சு?"

"பத்து நிமிஷம் இருக்கும். ஏன் சாமி, முகமெல்லாம் இப்படி வேர்க்குது? தண்ணி குடிக்கிறீங்களா?"

அவர் அதற்குள் ஸ்கூட்டரில் ஏறியிருந்தார்.

முதல் வளைவு காலி. இரண்டாவது வளைவில் சாலையின் குறுக்கே கறுப்பாக ஒரு டயர்த் தடம். பழையதா, புதியதா? நின்று பார்க்கப் பயமாக இருந்தது, பார்க்காமல் போகவும் பயமாக இருந்தது. சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார். கீழே வெறும் புதர். ஒரு ஆடு நிமிர்ந்து அவரைப் பார்த்தது. இருபத்தைந்து வருடத்தில் எத்தனை நட்டு முறுக்கியிருப்பார். லட்சம் இருக்கும். ஒன்றே ஒன்றை விட்டார். அந்த ஒன்றின்மேல் போய் அவளை உட்கார வைத்தார்.

மூன்றாவது வளைவை நெருங்கும்போது அந்தச் சத்தம் கேட்டது.

ஹாரன். கீழேயிருந்து வந்தது. விட்டு விட்டு அடிக்கவில்லை, ஒரே இழுப்பாக, நிற்காமல் கதறியது. அந்தக் குரல் அவருக்குத் தெரியும். அப்பா வண்டியின் ஹாரனைப் பிரித்து, தகட்டைத் தேய்த்து, அந்தக் குரலை வரவழைத்தவரே அவர்தான். வண்டி விழுந்து கிடக்கிறது. கைப்பிடி ஒரு பக்கமாக ஒடிந்து, ஹாரன் அமுங்கிக் கிடக்கிறது. எடுக்க ஆள் இல்லை. அவரால் வேறு எதையும் நினைக்க முடியவில்லை. வாய்விட்டு அவளைக் கூப்பிட்டார். ஹாரன்தான் பதில் சொன்னது.

நான்காவது வளைவு. ஐந்தாவது. சத்தம் பெரிதாகிக்கொண்டே வந்தது. ஆறாவது வளைவில் திரும்பினார்.

வண்டி ஸ்டாண்டு போட்டு நின்றிருந்தது. மச்சான் கைப்பிடியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒடித்து ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர் மனைவி சுவரோரமாக, இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள்.

மெக்கானிக் ஸ்கூட்டரை எங்கே போட்டார் என்று அவருக்கே தெரியாது. நேராகப் போய் முன்விளக்குக்குப் பின்னால் கையை விட்டு ஹாரன் ஒயரைப் பிடுங்கினார். சட்டென்று மலை முழுக்க அமைதியானது.

"நல்ல வேளை வந்தீங்க மாமா" என்றான் மச்சான். "ரெண்டாவது பாயிண்ட்டு. இடது வளைவுல ஒடிச்சேன், அடிக்க ஆரம்பிச்சது நிக்கவே இல்ல. அதான் நிறுத்திட்டேன். ஆனா ஒரு விஷயம், நாலாவது பாயிண்ட்ட நானே பாத்துட்டேன். நாலு கோடு உடைஞ்சிருந்துச்சு, எல்லாத்தையும் ஒட்டி..."

மெக்கானிக் அவனைப் பார்க்கவில்லை. பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டார். அச்சு நட்டை இரண்டு விரலால் தொட்டார். அது பென்சில் உருளுவதுபோல் சுலபமாகச் சுற்றியது. மூன்று சுற்று சுற்றுவதற்குள் கையோடு வந்துவிட்டது. அச்சின் மறுமுனை ஏற்கெனவே கட்டைவிரல் அகலத்துக்கு வெளியே நகர்ந்திருந்தது. பிரேக் கம்பியின் நட்டைத் தொட்டார். அதுவும் சுற்றியது.

நட்டை உள்ளங்கையில் வைத்து இருவருக்கும் காட்டினார். அவருக்குக் கத்த வரவில்லை. பெயிண்ட் டப்பா காய்ந்ததையும், கோட்டை முதலில் போட்டதையும், பார்சல் வந்ததையும், கோணல் கோடுதான் சரி, நேர்க்கோடுதான் தப்பு என்பதையும் ஒன்றுவிடாமல் சொன்னார். மச்சான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். மறுபடி மாட்டினான். பிறகு தடுப்புச் சுவரில் உட்கார்ந்துவிட்டான்.

"அப்ப நான் திருத்தினது..."

"உன்மேல தப்பில்ல மாப்ள. கோடு உடைஞ்சா தப்புன்னு நான்தான உனக்குச் சொல்லிக்கொடுத்தேன்."

அவர் அச்சைத் தட்டி உள்ளே ஏற்றினார். பெரிய ஸ்பேனரை மாட்டி, உடம்பு முழுக்கச் சாய்ந்து முறுக்கினார். மற்ற நாலையும் முறுக்கினார். ஒவ்வொன்றையும் மூன்று தடவை சோதித்தார். அவசரத்தில் ஸ்பேனர் இரண்டு முறை வழுக்கி, விரல் கணுவில் தோல் உரிந்தது. மனைவி பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பின்னாடி உக்காந்திருந்தவளுக்கு ஒண்ணுமே தெரியலையா?" என்று அவர் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "ஆடியிருக்குமே. சீட்டுல தெரிஞ்சிருக்குமே."

"தெரிஞ்சுது."

"எப்ப?"

"ஏறும்போது ரெண்டாவது வளைவுலயே. அதுக்கு முன்னாடி, அன்னைக்குக் கடைத்தெருவுக்கு இவனோட போனப்பவே. காலையில கிளம்பும்போதுகூட உங்ககிட்ட சொல்லலாம்னு வாயத் திறந்தேன்."

"சொல்ல வேண்டியதுதான?"

அவள் கைப்பையின் வாரைத் திருகினாள். "தெரிஞ்சும் இவன்கிட்டகூடச் சொல்லல. சொன்னா இவன் எழுதிடுவான், அக்கா சொன்னான்னு உங்களுக்குத் தெரிஞ்சிடும். எனக்கு உயிரே இல்லைங்க, ஒவ்வொரு வளைவுலயும். இந்தச் சுவரப் பாக்கறதும் கண்ண மூடிக்கறதுமா வந்தேன்." அவள் நிறுத்தினாள். "ஆனா விழுந்துருவோமோன்னு பயந்ததவிட, வீட்டுக்கு வந்து ஒரு வாரம் உங்க மூஞ்சிய எப்படிப் பாக்கறதுன்னுதான் அதிகமா பயந்தேன்."

அவள் குற்றம் சாட்டுகிற குரலில் சொல்லவில்லை. விலைவாசியைச் சொல்வதுபோல் சொன்னாள். மெக்கானிக் ஸ்பேனரைத் துணியில் சுற்றப் பார்த்தார். சுற்ற வரவில்லை. சோடா மூடியைப் பார்த்தபோதும், டீக்கடையிலும், ஹாரன் கதறியபோதும் அவர் பட்ட பயமெல்லாம் ஒன்றாகச் சேர்ந்தாலும் இந்தப் பயத்துக்கு ஈடாகாது என்று தோன்றியது. அதெல்லாம் அரை மணி நேரம். இவள் இருபத்திரண்டு வருடமாக இப்படி வளைவுக்கு வளைவு கண்ணை மூடிக்கொண்டு வந்திருக்கிறாள். குழாய்க்கு அடியில் இருக்கும் கிண்ணம் நினைவுக்கு வந்தது. தினமும் அந்தக் குழாயில்தான் கை கழுவியிருக்கிறார், கிண்ணம் ஏன் அங்கே இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அவர் பையிலிருந்து ஊசியை எடுத்து டாங்க் மூடியின் வாஷரில் குத்தினார். கேபிளை அரைத் திருகு திருகினார். பிடுங்கிய ஒயரை மறுபடி மாட்டி டேப் சுற்றினார். மச்சானின் தாளை எடுத்து அவனிடமே கொடுத்தார்.

"நாலும் நிஜம் மாப்ள. இனிமே எழுதிக் கொண்டு வராத. வாயாலயே சொல்லு."

மச்சான் தலையாட்டினான். நம்பினானா என்று தெரியவில்லை. ஏரிக்குப் போக யாருக்கும் மனம் இல்லை. அவன் அப்பா வண்டியை நடை வேகத்தில் திருப்பிக்கொண்டு முன்னால் போனான். மெக்கானிக் ஸ்கூட்டரைத் தூக்கி நிறுத்தினார். மனைவி பின்னால் ஏறினாள். எப்போதும்போல் கைப்பையை மடியில் வைத்தாள். பிறகு ஒரு கையால் அவர் சட்டையைப் பின்புறம் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

டீக்கடை தாண்டி, ஊர்ப் பக்கத்து இறக்கம் தொடங்கி, இரண்டு வளைவு கடந்தது. மூன்றாவது வளைவில் அவர் பிரேக் பிடித்தார். சட்டையைப் பிடித்திருந்த கை இறுகியது.

"என்னங்க."

"ம்."

அவள் மூச்சை இழுத்துப் பிடிப்பது முதுகில் தெரிந்தது.

"பிரேக் பிடிச்சா முன்னாடி ஏதோ கீச்சுன்னு சத்தம் வருது."

காலையில் அந்த ஸ்கூட்டரை முழுக்கப் பார்த்துவிட்டேன் என்று கையைத் துடைத்துக்கொண்டவர் அவர். முகம் கடுகடுவென்று ஆகத் தொடங்கியதை அவரே உணர்ந்தார். பழக்கம் அவ்வளவு சீக்கிரம் விடுமா? நல்ல வேளையாக அவள் பின்னால் இருந்தாள், முகம் தெரியாது. அவர் வண்டியை ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து இறங்கினார். அவளும் இறங்கினாள். கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சுவரை ஒட்டி, இரண்டடி தள்ளி நின்றாள்.

அவர் முன்சக்கரத்தின் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"எனக்குக் கேக்கல" என்றார். "எந்தப் பக்கம்னு சொல்லு."